உளியைக் கீழே வைக்கச் சொல்பவர்களுக்கு

"இப்ப யாரு சார் கையால இழைக்கிறா?"

திருவனந்தபுரத்தில் மரம் தொடர்பான எந்த இடத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும். சாலைக் கடைத்தெருவில் கீலும் தாழ்ப்பாளும் விற்பவர் கேட்கிறார். கழக்கூட்டம் பக்கத்து அடுக்ககங்களில் மாடுலர் சமையலறை மாட்டிக்கொடுக்கும் உள்ளலங்காரக்காரர் கேட்கிறார். தொழிற்பயிற்சியைப் பற்றிப் பேசும் அதிகாரி கேட்கிறார். எல்லாரையும்விட வருத்தத்தோடு, தன் மகனை இந்த வேலைக்கு விடமாட்டேன் என்று முடிவெடுத்துவிட்ட ஆசாரியும் அதையே கேட்கிறார். கைக்கருவித் தச்சு முடிந்துபோன விஷயம், ஓய்வுபெற்றவர்கள் பொழுதுபோக்காக வேண்டுமானால் இழைத்துப் பார்க்கலாம், பிழைக்க வேண்டிய பிள்ளைகளை அதில் இறக்குவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்: இவ்வளவும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கின்றன.

நான் இதை ஏற்கவில்லை. மரவேலையில் இறங்கும் எவரும், நாளைக்குக் கணினி வழி வெட்டும் சிஎன்சி இயந்திரத்தையே இயக்கப்போகிறவரானாலும், முதலில் ஒரு மரச்சாமான் பட்டறையில் உளியும் இழைப்புளியும் வாளும் பிடித்துக் கற்றிருக்க வேண்டும் என்கிறேன்.

எதிர்த்தரப்பைக் குறைத்துச் சொல்லிவிட்டு மறுப்பது நேர்மையாகாது. அவர்கள் வாதத்தில் பலம் இருக்கிறது. ஆசாரி அரைநாள் இழைக்கிற பலகையை இயந்திரம் சில நிமிடங்களில் இருபுறமும் சமன்செய்து தள்ளிவிடுகிறது. நூறு நாற்காலிக்கு நூறு கால், மயிரிழை பிசகாமல் ஒரே அளவில் வருகின்றன. குனிந்து குனிந்து முதுகெலும்பு தேய்ந்த தலைமுறையை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, கைத்தொழிலைப் புகழ்கிறவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு அடுத்தவர் பிள்ளைக்கு உளியைப் பரிந்துரைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. அதைப் பிறகு பேசுகிறேன்.

முதலில் மரத்தைப் பேசுவோம். இந்த விவாதத்தில் எல்லாரும் இயந்திரத்தைப் பேசுகிறார்கள், மனிதனைப் பேசுகிறார்கள், மரத்தை யாரும் பேசுவதில்லை.

மரம் வெட்டுப்பட்ட பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். நீளவாக்கில் அது அசைவதில்லை என்றே சொல்லிவிடலாம். அகலவாக்கில் அசையும், அதுவும் ஒரே சீராக அல்ல. பச்சைத் தேக்கு முற்றாகக் காயும்போது நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் இரண்டரை விழுக்காடு அளவில் சுருங்குகிறது. ஆண்டு வளையங்களின் போக்கில் பார்த்தால் அதைப்போல் இருமடங்குக்கும் மேல். பலகையை எந்த வாக்கில் அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து, அது நேராக நிற்கும் அல்லது கிண்ணம்போல் குழியும். தேக்கே நம்மிடம் கிடைப்பதில் அடக்கமான மரம். அயனியும் பலாவும் மாமரமும் இன்னும் குறும்பு செய்பவை.

இதைத் திருவனந்தபுரத்தில் வைத்துப் பாருங்கள். ஜூனில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாமழை என்று ஆண்டுக்கு இரண்டு பருவமழை வாங்கும் ஊர் இது. நடுவில் மாசி பங்குனி வெயிலில் காற்று காய்கிறது. ஒரு கதவு ஆண்டு முழுக்க வீங்கி வாடிக்கொண்டிருக்கிறது. பழைய ஆசாரிகள் கதவுப்பலகையைச் சட்டத்தோடு பசைபோட்டு ஒட்டவில்லை. சட்டத்தின் உட்புறம் காடி வெட்டி, அதற்குள் பலகையை நழுவவிட்டு, இருபக்கமும் சற்று இடம்விட்டார்கள். மழைக்காலத்தில் பலகை அந்த இடத்துக்குள் விரியும், கோடையில் சுருங்கும், சட்டம் அசையாமல் நிற்கும். எவ்வளவு இடம் விடுவது? அதற்கு ஒரே எண் கிடையாது. பலகையின் அகலம், மரத்தின் இனம், அறுத்த வாக்கு, அன்றைக்கு அது எவ்வளவு காய்ந்திருக்கிறது, வேலை நடக்கும் மாதம் எது என்று அத்தனையையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். சிஎன்சி இயந்திரம் காடியைக் கச்சிதமாக வெட்டித்தரும். இடைவெளி எவ்வளவு என்பதை அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அந்த யாராவது எங்கே கற்றார் என்பதுதான் என் கேள்வி.

இதற்கு எதிர்த்தரப்பிடம் தயாராக ஒரு பதில் உண்டு: திட மரமே வேண்டாம், பிளைவுட்டும் எம்டிஎஃப்பும் இருக்கின்றனவே, அவை அசையாதே. நல்ல பிளைவுட்டை நான் குறை சொல்லமாட்டேன். அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி மரத்தின் அசைவைக் கட்டுப்படுத்தியது பெரிய அறிவு. பெரும்பாவூர் வட்டாரமே அந்த அறிவில் பிழைக்கிறது. ஆனால் விற்கப்படுவதில் பாதி அந்த நல்ல பிளைவுட் இல்லை. தூளை அமுக்கிச் செய்த பலகைக்கு மேல் மைக்கா ஒட்டிய பெட்டிகள் தொட்டிக்குழாயின் கசிவு பட்டதும் ஊதி, திருகாணி பிடிமானம் விட்டுத் தொங்குவதை இந்த ஊர்ச் சமையலறைகளில் பார்க்காதவர் யார்? அப்படி ஊதிய பலகையைப் பழுதுபார்க்க வழியே இல்லை, தூக்கி எறியத்தான் முடியும்.

பழைய வேலையோ கழற்றி மாட்டக்கூடியது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த தட்சிணசித்ரா வளாகத்தில், புதுப்பள்ளியிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்த வீடுகள் நிற்கின்றன. மர வீட்டைப் பிரித்து, லாரியில் ஏற்றி, இன்னொரு கடற்கரையில் மறுபடி கூட்ட முடிந்ததென்றால் அதற்குக் காரணம் கட்டையின் முனையில் செதுக்கிய கழுந்தும், அது செருகும் துளையும், மர ஆணியும்தான். பேக்கர் 1970 வாக்கில் திருவனந்தபுரத்தில் குடியேறி நூற்றுக்கணக்கான வீடுகள் கட்டினார். இடித்த வீடுகளின் கதவு சன்னல்களைத் தேடி வாங்கிப் புது வீடுகளில் பொருத்துவது அவர் வழக்கம். அந்தக் கதவுகளைச் செய்த ஆசாரி, இன்னொரு சுவருக்கும் அவை போகும் என்று தெரியாமலே அதற்கு ஏற்றபடி செய்திருந்தார்.

இனி, கற்றல் எப்படி நடக்கிறது என்பதற்கு வருகிறேன். இங்குதான் எதிர்த்தரப்பு ஒன்றுமே அறியாமல் பேசுகிறது.

கரமனைப் பக்கம் ஒரு பட்டறையில் நான் கற்றேன். மூத்த ஆசாரிக்குத் தக்கலைப் பக்கம் சொந்த ஊர், வாயில் நாஞ்சில் தமிழ். முதலில் அவர் கையில் கொடுத்தது மரம் அல்ல, இழைப்புளியின் தகடு. அதைக் கல்லில் எண்ணெய் விட்டுத் தீட்ட வேண்டும். சாய்வு மாறாமல் மணிக்கட்டை இறுக்கித் தள்ள வேண்டும். தட்டையான மறுபுறத்தில் விரலை வைத்துத் தடவினால் மெல்லிய பிசிறு ஒன்று தட்டுப்படும். அது முனையின் முழு அகலத்துக்கும் வந்த பிறகே திருப்பிப்போட்டு அந்தப் பிசிறை எடுக்கலாம். ஒரு மூலையில் வரவில்லையென்றால் கை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். தேக்கில் சிலிக்கா உண்டு, எவ்வளவு தீட்டினாலும் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அதனால் தீட்டுவது ஒருநாளில் முடிகிற பாடம் அல்ல, வேலை நடக்கும் வரை கூடவே நடப்பது.

பிறகு பலகை. தகடு கூராக இருந்தும், நேற்று வழுவழுவென்று வந்த சீவல் இன்று கடித்துக் கடித்துச் சிராய் எழுப்பும். "நாரு எங்கோட்டுப் போவுதுண்ணு பாத்தியா மக்கா? திருப்பிப் போடு பலகைய" என்பார் ஆசாரி. பலகையின் விளிம்பைப் பார்த்தால் நார் மேல்நோக்கி ஏறுகிறதா கீழிறங்குகிறதா என்று தெரியும். பலாவில் நார் பக்கத்துக்குப் பக்கம் எதிர்த்திசையில் ஓடும் இடங்கள் உண்டு. அங்கே தகட்டின் நீட்டலைக் குறைத்து, இழைப்புளியைக் கொஞ்சம் கோணலாகப் பிடித்துத் தள்ள வேண்டும். இதை அவர் ஒருமுறைகூட விளக்கிச் சொல்லவில்லை. நான் தள்ளும்போது எழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, தன் வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே "கோணப் பிடி" என்றார். சத்தம் மாறியது.

இந்த இடத்தில் "யூடியூப் இருக்கே" என்பவர்களுக்கு: யூடியூபில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நானும் பார்க்கிறேன். உங்கள் இழைப்புளியின் சத்தம் அவர்கள் காதில் விழாது.

துளை வெட்டுவதையும் சொல்ல வேண்டும். சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கழுந்துக்கு என்பது பொது வழக்கு. அந்த அகலத்துக்குச் சரியான உளியை எடுத்து, நடுவில் தொடங்கி, கொட்டாப்புளியால் அடித்து இருமுனையை நோக்கிப் போக வேண்டும். முனைக்கோட்டுக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். உளியை நெம்பும்போது அடிபடுகிற விளிம்பு கடைசியில் சீவப்போகிற பகுதியாகவே இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. மர ஆணிக்கான ஓட்டையைக் கழுந்தில் மயிரளவு அதன் தோளை (கழுந்து தொடங்கும் விளிம்பை) நோக்கித் தள்ளிப் போட்டால், ஆணி உள்ளே போகும்போது மூட்டைத் தானே இழுத்து இறுக்கும். பசையை நம்பாத மூட்டு அது. எவ்வளவு தள்ளுவது என்பதை அளவுகோல் சொல்லாது, மரத்தின் கடினம் சொல்லும். அந்தக் கடினத்தைக் கைதான் அறியும். உளி மேல் விழும் ஒவ்வோர் அடியிலும் அது தோள்வரை ஏறிவருகிறது.

இப்படிக் கற்றவர் இயந்திரத்தின் முன் நிற்கும்போது என்ன வேறுபாடு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். நீளமான பலகையைக் கைவாளால் நீளவாக்கில் அறுக்கும்போது, சில மரங்களில் அறுத்த வாய் பின்னாலேயே மூடிக்கொண்டு வாளைப் பிடித்துக்கொள்ளும். மரத்துக்குள் இறுக்கம் இருக்கிறது என்று பொருள். கைவாள்காரர் ஒரு சின்ன ஆப்பை அந்த வாயில் செருகிவிட்டு மேலே அறுப்பார். சுழலும் வட்ட வாளில் அதே மரம் அதையே செய்தால், பலகை அறுப்பவரின் வயிற்றை நோக்கிப் பறந்து வரும். அதைத் தடுக்கத்தான் வாளுக்குப் பின்னால் ஒரு தகடு வைத்து இயந்திரம் செய்கிறார்கள். கைவாள்காரரின் ஆப்புதான் அது, இரும்பில் செய்தது. பட்டறைகளில் "இடைஞ்சலா இருக்கு" என்று அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். அது எதற்கு என்று தெரியாததால் கழற்றுகிறார்கள். கைவாளில் ஒருமுறை மாட்டிக்கொண்டவர் கழற்றமாட்டார். இந்தத் தொழிலில் விரல் போனவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

காசு விஷயத்துக்கு வருவோம். நூறு ஒரே மாதிரி நாற்காலிக்கு இயந்திரமே சரி, அதில் எனக்கு வாதமே இல்லை. ஆனால் திருவனந்தபுரத்தின் ஒரு சிறு பட்டறைக்கு வருகிற வேலை நூறு நாற்காலி அல்ல. மழையில் சிக்கிக்கொள்ளும் ஒரு கதவு. கறையான் அரித்த ஒரு கால் உள்ள தாத்தா காலத்து அலமாரி. சுவர் கோணலான இடத்துக்கு ஒரு சன்னல். ஒரே ஓர் ஊஞ்சல். ஒவ்வொன்றும் வேறு வேறு. அவற்றுக்காக இயந்திரத்தை அளவுபடுத்தி முடிப்பதற்குள் கையால் வேலையை முடித்துவிடலாம். ரிசர்வ் வங்கி வெளியிடும் கணக்கின்படி 2022-23இல் கேரள ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் நாள்கூலி 850 ரூபாயைத் தாண்டியது, நாட்டின் சராசரி 400ஐக்கூடத் தொடவில்லை. கூலி இந்தியாவிலேயே உச்சத்தில் இருக்கிற மாநிலத்தில், நல்ல மூட்டு போடத் தெரிந்த ஆசாரிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வருகிற தச்சர்களைத் தேடிப்பிடிக்கிறார்கள். தொழில் செத்துவிட்டதென்றால் இந்தக் காத்திருப்பு எதற்கு? கற்றுக்கொடுப்பது நின்றுபோனது, தொழில் நிற்கவில்லை.

குதிரமாளிகையையும் பத்மநாபபுரம் அரண்மனையையும் காட்டி "ஆஹா, அந்தக் காலத்துத் தச்சு" என்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் கட்டிய மாளிகையின் 122 மரக்குதிரைகளும், பத்மநாபபுரத்துப் பூமுகக் கூரையின் 90 பூக்களும் அற்புதங்கள்தான். ஆனால் அவற்றைப் புகழ்கிற வாயே "இனி அதெல்லாம் யாருக்கும் வராது" என்றும் முடிக்கிறது. அந்தப் பாராட்டில் தச்சன் அருங்காட்சியகப் பொருளாகிவிடுகிறான். பத்மநாபபுரத்தில் கூரைக்கட்டை ஒன்று உளுத்தால் அதைச் செதுக்கி ஒட்டுப்போட இன்றைக்கு ஒரு கை வேண்டும். குமரி மாவட்டம் 1956இல் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைக் கேரள அரசே பராமரித்து வருகிறது. அந்தக் கை கேரளத்தில் கிடைத்தாலும் சரி, தக்கலையில் கிடைத்தாலும் சரி, எங்காவது யாராவது கற்றுக்கொடுத்தால்தான் கிடைக்கும்.

இனி அந்தக் கோபம். கைத்தொழில் கற்கச் சொல்வது குலக்கல்வியைத் திரும்பக் கொண்டுவருவது என்ற அச்சம்தான் அதன் அடியில் இருக்கிறது. 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் குழந்தைகளைப் பாதிநாள் பள்ளியிலும் மீதிநேரம் வீட்டுத் தொழிலிலும் வைக்கப் பார்த்தது. அதை எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி விலகினார், காமராஜர் அதைக் கைவிட்டார். அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டுவதை நியாயப்படுத்த என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் 18 தொழில்களுள் தச்சும் ஒன்று. அதில் குடும்பம் பரம்பரையாக அந்தத் தொழிலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லித் தமிழக அரசு கேட்டது. அது நடக்கவில்லை என்றதும் 2024 நவம்பரில் இப்போதைய வடிவில் அதைச் செயல்படுத்த முடியாது என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் எழுதினார். அந்த மறுப்பு சரியானது. பிறகு தமிழகம் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் சாதி, குடும்பத் தொழில் என்ற கேள்வியே இல்லை. 25 தொழில்கள். ஆனால் வயது 35 ஆகியிருக்க வேண்டும். பள்ளி முடித்த பிள்ளைகள் கல்லூரியை விட்டு இதற்குள் இழுக்கப்படக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த எல்லை அது. ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்குக் கடன் கொடுக்க அது போதும். கற்க விரும்புகிறவருக்கு?

ஆசாரி குடும்பத்தில் பிறக்காத, இருபது வயதில், மரவேலை கற்க ஆசைப்படுகிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஒரு திட்டம் அவளிடம் உன் அப்பா யார் என்று கேட்கிறது. இன்னொன்று பதினைந்து ஆண்டு கழித்து வா என்கிறது. பரம்பரையைப் போற்றுகிறவர்களும் பரம்பரையை எதிர்க்கிறவர்களும் சேர்ந்து ஒரே கதவைத்தான் மூடியிருக்கிறார்கள். இரு தரப்புக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: தச்சு என்பது ரத்தத்தில் வருவது. ஒருவர் அதனால் அதைக் காக்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் அதனால் அதிலிருந்து தப்ப வேண்டும் என்கிறார். ரத்தத்தில் எதுவும் வரவில்லை. ஆசாரி வீட்டுப் பையன் நடக்கத் தொடங்கிய நாள் முதல் மரத்தூளில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டு வளர்கிறான். பத்து வயதில் மற்றவன் எங்கோ இருக்கும்போது அவன் நார் பார்க்கக் கற்றுவிட்டான். அது பயிற்சி. பயிற்சியை யாருக்கும் கொடுக்கலாம்.

கேரளத்தின் கதைகளே இதைச் சொல்கின்றன. பெருந்தச்சன் என்ற பெயரைச் சொல்லாமல் இங்கே தச்சைப் பேச முடியாது. அவன் யார்? பறைச்சி பெற்ற பன்னிரு குலம் என்ற கதையில் வரருசி என்ற பிராமணப் பண்டிதருக்கும், பறையர் குலத்தில் பிறந்து பிராமணர் வீட்டில் வளர்ந்தவளுக்கும் பிறந்து, வழியில் விடப்பட்டு, தச்சர் வீட்டில் வளர்ந்தவன். அவன் உடன்பிறந்தார் பலரும் வெவ்வேறு வீட்டில் வெவ்வேறு சாதியாக வளர்ந்தார்கள். வள்ளுவரையும் அந்தப் பன்னிருவரில் ஒருவராக அந்தக் கதை சேர்த்துக்கொள்கிறது. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள், வளர்ந்த வீட்டால் தச்சனாகவும் பாணனாகவும் அக்னிஹோத்ரியாகவும் ஆனார்கள். தச்சருள் தலைசிறந்தவனாகக் கேரளம் கொண்டாடுபவன் பிறப்பால் தச்சன் இல்லை என்று கேரளமே சொல்லிவைத்திருக்கிறது.

கதை வேண்டாம், வரலாறு வேண்டும் என்றால் ஜார்ஜ் நாகஷிமா இருக்கிறார். அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர், எம்ஐடியில் கட்டடக்கலை படித்தவர். 1930களின் இறுதியில் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பணியில் இருந்தார். அங்கே தேக்கில் மரச்சாமான்கள் வடிவமைத்தார். போர் மூண்டதும் 1942இல் அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு ஐடஹோவில் மினிடோகா முகாமில் அடைத்தது. அந்த முகாமில் கென்டாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சரிடம் அவர் கைக்கருவி வேலையை முறையாகக் கற்றார். கட்டடக்கலைஞராகப் பெயர் வாங்கிய பிறகு, முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர், முகாமில் கிடைத்த துண்டு மரங்களில் இன்னொருவரின் பக்கத்தில் நின்று கற்றார். பின்னர் பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் அவர் நடத்திய பட்டறையில் இயந்திரங்களும் இருந்தன, கைக்கருவிகளும் இருந்தன. எந்த வேலைக்கு எது என்பதை மரம் அறிந்தவர் தீர்மானித்தார். நான் கேட்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

படிப்பு வராதவனுக்கே உளி என்ற எண்ணத்துக்கும் உலகத்தில் மறுப்பு இருக்கிறது. பின்லாந்து 1866இலேயே மக்கள் பள்ளிகளில் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கியது. ஸ்வீடனின் நாஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமோன் பல நாட்டு ஆசிரியர்களுக்கு மரவேலை வழியாகக் கல்வி கற்பிக்கப் பயிற்சி அளித்தார். தச்சர்களை உருவாக்குவது அவர்கள் நோக்கமே அல்ல. கேரளப் பள்ளிகளிலும் ஆண்டுதோறும் பணி அனுபவ மேளா நடக்கிறது, பிள்ளைகள் மரம் செதுக்குகிறார்கள், பரிசு வாங்குகிறார்கள். பரிசு வாங்கிய பிள்ளை அடுத்த ஆண்டு நுழைவுத்தேர்வு மையத்துக்குப் போய்விடுகிறது, உளி பள்ளி அலமாரிக்குத் திரும்பிவிடுகிறது.

பட்டறையைப் பொற்காலமாக்கவும் நான் விரும்பவில்லை. பெருந்தச்சன் பொறாமையில் மகன் மேல் உளியை நழுவவிட்ட கதையும் கேரளத்தில்தான் இருக்கிறது. திலகன் நடித்த படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வித்தையை மறைத்தவர்கள் உண்டு. கற்க வந்த பையனை டீ வாங்கவும் மரம் சுமக்கவும் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, ஒரு மூட்டுகூடச் சொல்லிக்கொடுக்காத பட்டறைகள் உண்டு. பெண்ணை உள்ளே விடாத பட்டறைகளே பெரும்பான்மை. ஏற்றுமானூரில் அர்ச்சனா மகளிர் மையம் பெண்களுக்குக் கொத்துவேலையும் தச்சும் பயிற்றுவித்துக் காட்டிய பிறகும், பெண்ணுக்கு உளி ஆகாது என்கிறார்கள். இவை அத்தனையும் பட்டறையைத் திருத்துவதற்கான காரணங்கள். திருத்த வேண்டுமென்றால் ஆசாரிக்குக் கற்றுக்கொடுப்பதற்கென்று தனியாகக் கூலி தர வேண்டும். இன்றைக்கு ஒரு பையனுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொரு மணியும் ஆசாரிக்கு நட்டம். நட்டத்தில் யாரும் நல்லாசிரியராக இருக்க முடியாது.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். விசுவகர்மா திட்டத்தில் கருவி வாங்க 15,000 ரூபாய், பயிற்சி நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை. அடிப்படைப் பயிற்சி எத்தனை நாள் தெரியுமா? ஐந்து முதல் ஏழு. மேற்பயிற்சி பதினைந்து நாள். தகடு தீட்டவே அந்த முதல் வாரம் போதாது. கைத்தச்சு செத்துப்போன விஷயம் என்ற எண்ணம் அரசு ஆணைக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த எண்ணிக்கையே சாட்சி. அதே 500 ரூபாயை, மாதம் 25 நாள் வீதம் பத்து மாதத்துக்குக் கொடுத்தால் ஒருவருக்கு 1,25,000 ரூபாய். கற்பிக்கும் ஆசாரிக்கும் அதே அளவு வைத்தால் இரண்டரை லட்சம். ஒரு பட்டறைக்கு இரண்டு பேர் என்று கரமனையிலும் நெய்யாற்றின்கரையிலும் தக்கலையிலும் தொடங்கலாம். அப்பன் பெயரைக் கேட்கக்கூடாது. பதினெட்டு முடிந்த எவரும் வரலாம், பெண்களுக்குப் பாதி இடம். முதல் ஆறு மாதம் மின்சாரம் தொடாத வேலை, ஏழாம் மாதம் இயந்திரம், பத்தாம் மாதம் முடியும்போது ஆளுக்கொரு கதவு. அந்தக் கதவைப் பட்டறையின் மழைபடும் பக்கத்தில் மாட்டிவைத்து, ஓர் இடவப்பாதியும் ஒரு கோடையும் கடந்த பிறகு திறந்து மூடிப் பார்த்துத்தான் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும்.